சொல்லிக்கொள்ளாமல் போனவர்கள்

பித்தப்பையில் கல் என்று என் வயிற்றைக் கீறித் தைத்தது அறுபதுகளின் தொடக்கத்தில், திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில். ஸ்ரீரங்கத்து வீட்டில் மூன்று வயது மகளிடம் "அம்மா போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். "தையல் நல்லாத்தான் இருக்கு. நீங்க எழுந்து நடந்தாதான் வீட்டுக்கு அனுப்புவேன்" என்றார் டாக்டர். நான் எழவில்லை.

காரணம், என்னைப் பார்க்க வந்தவர்கள். தென்னூர் சித்தி, வையம்பட்டிப் பெரியப்பா, எல்லோரும் சாத்துக்குடியைத் தலைமாட்டில் வைப்பார்கள், கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்ப்பார்கள், பிறகு வாய் திறக்காமல் எழுந்து போய்விடுவார்கள். 'போயிட்டு வரேன்' என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்துதான் அப்படிப் போவார்கள். ஒரு மாலை என் கணவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நடந்தார். டாக்டர் இவர்களிடம் எதையோ சொல்லியிருக்கிறார், என்னிடம் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதன்பின் கஞ்சி இறங்கவில்லை. இருமினால் தையல் விட்டுவிடும் என்று மூச்சைக்கூட அரைகுறையாக விட்டேன். காயத்தின் ஓரம் காயவே இல்லை. சாகப்போகிறவளுக்கு நடை எதற்கு என்று சுவரைப் பார்த்துக் கிடந்தேன். மகளை நினைத்தால் மட்டும் அழுகை வரும்.

காட்டூரிலிருந்து அக்கா வந்தாள். அவளும் கூடையை எடுத்துக்கொண்டு பேசாமல் கிளம்பியபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, நான் சாகப்போறேனா? ஏன் எல்லாரும் சொல்லிக்காமலே போறீங்க?"

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "அறிவிருக்காடி உனக்கு? ஆஸ்பத்திரியில யாராவது போயிட்டு வரேன்னு சொல்வாங்களா? மறுபடியும் இங்கேயே வரணுமா? எனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனப்ப நீயும் வாயை மூடிக்கிட்டுத்தானே போனே!"

போனேன்தான். நடமாடும்போது தெரிந்திருந்த வழக்கம், படுத்ததும் மறந்துபோயிருந்தது. என் மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தோடு, "கையைக் குடு" என்று எழுந்தேன். உயிர் போகிற வலி. கம்பியைப் பிடித்துக்கொண்டு அடுத்த கட்டில்வரை போய்த் திரும்பினேன். மறுநாள் வார்டு வாசல்வரை. கஞ்சி போதாது, சோறு வேண்டும் என்று நர்ஸை நச்சரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நன்றாக இருமியும் பார்த்தேன், தையல் விடவில்லை. காயமும் காய்ந்தது.

புறப்பட்ட அன்று டாக்டரைக் கும்பிட்டேன். "என்னம்மா, சொல்லிக்காமலே போறீங்க?" என்று சிரித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கணவர் நீட்டிய கையையும் பிடிக்காமல் படியிறங்கினேன்.

ஸ்ரீரங்கத்து வாசலில் மகள் நின்றாள். அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

"அம்மா வந்துட்டேன்."