எட்டு விளக்கும் பச்சை!

போன வாரம் என் பொறுமையைச் சோதித்தது ஒரு மனிதர் இல்லை. சோப்பு டப்பா சைஸில் இருக்கும் கேபிள் டெஸ்டர்!

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ ஃபேக்டரியில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் என் தலையில். சாம்பிள் ரூமுக்குப் புதுசாகக் கேபிள் இழுத்திருந்தோம். வெளிநாட்டு பையர் வீடியோ காலில் ஷூவைப் பார்த்து ஓகே சொன்னால்தான் ஆர்டர். அவர் லைனில் வந்தார்... படம் அப்படியே உறைந்துவிட்டது. 'நாளை ஒரே ஒரு முறை பார்க்கிறேன். சரிவராவிட்டால் வேறு ஃபேக்டரி' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முதலாளி என்னை முறைத்தார். நான் கேபிள் போட்ட மெயின்டெனன்ஸ் இக்பால் பாயை முறைத்தேன்.

பாய் அலட்டிக்கொள்ளவில்லை. கேபிளின் ஒரு முனையை டெஸ்டரில் செருகினார். மறுமுனையை அதோடு வரும் குட்டிப் பெட்டியில் செருகினார். ஒன்று, இரண்டு, மூன்று... கம்பிக்கு ஒன்றாக எட்டு விளக்கும் வரிசையாகப் பச்சை.

"இன்னா சார், எட்டும் எரியுதே! நீங்கதான் ஜாஸ்தி பேஜார் பண்றீங்க."

கழற்றி மாட்டினேன். பச்சை. முனையைத் திருகி, ஆட்டி, ஊதி மாட்டினேன். அப்போதும் பச்சை! வீடியோ மட்டும் திணறுகிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டப்பாவைச் சுவரில் அடித்திருப்பேன்.

கடைசியில் முனையில் இருக்கும் கனெக்டரைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். உள்ளே எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு கலர் ஜோடி. ஆரஞ்சுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு, பச்சைக்குப் பக்கத்தில் பச்சை. அடக் கடவுளே! பச்சை ஜோடியைப் பிரித்து, நடுவில் நீல ஜோடியை உட்கார வைக்க வேண்டும். அதுதான் முறை.

"பாய், பச்சைய ஏன் பிரிக்கல?"

"நான் பேக்கிங்ல இருந்து வந்தவன் சார். அங்க ஜோடி மாறினா சூப்பர்வைசர் உயிரை எடுத்துடுவாரு. ஒண்ணா இருக்கிறத எப்படிப் பிரிக்கிறது?"

இரண்டு முனையிலும் ஒரே மாதிரி தப்பு. டெஸ்டருக்கு அது போதும். இந்தப் பக்கம் மூன்றாவது கம்பி, அந்தப் பக்கமும் மூன்றாவது... பாஸ் மார்க்! எந்தக் கம்பி எதோடு முறுக்கியிருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சிக்னல் ஜோடியாக ஓடும் மூன்றாவதும் ஆறாவதும் ஒன்றாக முறுக்கிய கம்பிகளாக இல்லாவிட்டால் இரைச்சல் புகுந்துவிடும்.

டெஸ்டரை மட்டும் ஏன் திட்ட வேண்டும்? எங்கள் தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் கொடுத்தேன். 'சரிசெய்யப்பட்டது' என்று மெசேஜ் வந்தது. அதை இருட்டில் நின்றுதான் படித்தேன். நமக்கு விஷயம் நடக்க வேண்டாம், டிக் விழுந்தால் போதும் — இல்லையா?

இரண்டு முனையையும் வெட்டி, நானே சரியாக மாட்டினேன். மறுநாள் வீடியோ கால். படம் கண்ணாடி மாதிரி! எனக்கு அப்படி ஒரு பெருமை.

பையர் ஷூவைக் கேமராவுக்கு அருகே காட்டச் சொன்னார். இன்னும் அருகே... இடது காலுக்கும் வலது காலுக்கும் கலர் ஷேட் வேறாக இருக்கிறதே, புது சாம்பிள் செய்து காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்.

வீடியோ கால் கட்டானது. முதலாளி என் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"ஏம்பா... அந்தக் கேபிள பழைய மாதிரியே மாட்டிட முடியுமா?"