மினுக்கிய தகடு

என் மேசையில் கடதாசி பறக்காமலிருக்க ஒரு நிக்கல் தகட்டைப் பாரமாக வைத்திருக்கிறேன். தீப்பெட்டி அளவு. உப்புக் காற்றில் இப்போது மங்கிவிட்டது. ஒரு காலத்தில் அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அந்தக் கோலத்துக்கு அதை ஆளாக்கியவன் நான்.

அறுபதுகளில் திருகோணமலைத் துறைமுகப் பட்டறையில் நான் ஸ்டோர் கிளார்க். கொதிகலன் தண்ணீரையும் பற்றரி அமிலத்தையும் சோதிக்க அங்கே ஓர் அறை இருந்தது. அதற்குப் பொறுப்பானவரை எல்லோரும் ‘மிஸ்’ என்போம். வேலை முடிந்த பின்னேரங்களில் அவர் தன் சொந்த ஆராய்ச்சியில் இறங்குவார். காரக் கரைசலுக்குள் நிக்கல் தகட்டை இறக்கி, மின்சாரம் பாய்ச்சி, எத்தனை வோல்ற்றில் ஐதரசன் குமிழிகள் கிளம்புகின்றன என்று கொப்பியில் குறிப்பார். மாதக்கணக்காகத் தகடு தகடாகத் தோற்று, கடைசியில் ஒன்றின்மேல் அடுப்புக்கரி போல ஒரு கறுப்புப் படிவை ஏற்றினார். மற்றத் தகடுகள் உறங்கும் குறைந்த வோல்ற்றிலேயே அது பொங்கியது.

“எல்லாம் மேற்பரப்பிலதான் இருக்கு, ஸ்டோர்காரர். இந்தச் சொரசொரப்புத்தான் ஊக்கி. தான் தேயாமல் மற்றதை வேலை செய்விக்கும்.”

“எங்கட போர்மன் மாதிரியோ மிஸ்?”

சிரித்தார். அந்தப் பகிடியை ஒரு கிழமையாகத் தேத்தண்ணிக் கடையில் அவிழ்த்துவிட்டேன். பகிடி பிடிபட்ட அளவுக்கு விஷயம் பிடிபடவில்லை.

கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியர் அந்தத் தகட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. திருப்தியென்றால் மிஸ்ஸைத் தன் ஆய்வுகூடத்துக்கு எடுப்பதாக எழுதியிருந்தார். மிஸ் அவரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனார்.

வெள்ளைக்காரன் போகும்போது கப்பல்களைக் கொண்டுபோனான். மினுக்கும் வியாதியை எங்களிடம் விட்டுவிட்டான். பெரியவர் யாராவது வருகிறாரென்றால் மணி, குழாய், கதவுப்பிடி எல்லாம் பளபளக்க வேண்டும். நானாகவே பொலிஷ் டப்பாவோடு அந்த அறைக்குள் நுழைந்தேன். தராசுத் தட்டை முடித்துத் திரும்பினால், கண்ணாடிக் கிண்ணத்தில் கரிபிடித்த ஒரு தகடு. பாவம், மிஸ்ஸுக்கு நேரம் கிடைக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். அரத்தாளால் உரஞ்சி, பொலிஷ் போட்டு, என் மூக்கு தெரியுமட்டும் தேய்த்தேன்.

பேராசிரியரோடு உள்ளே வந்த மிஸ் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். குரல் உயரவில்லை.

“ஆர் இதைத் துடைச்சது?”

அப்போதுதான் அந்த ‘மேற்பரப்பு’ எனக்கு விளங்கியது.

“தெரியாது மிஸ்,” என்றேன். பொலிஷ் துணி என் கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

அவர் அதையே கரைசலில் இறக்கிக் காட்டினார். எந்தத் தகட்டிலும் வரும் வோல்ற்றில்தான் குமிழி வந்தது. பேராசிரியர் மரியாதையாக மணிக்கூட்டைப் பார்த்தார். மிஸ் ஒரு வருடம் முயன்றார். கொப்பியில் எழுதியபடியே எல்லாம் செய்தும் அந்தக் கறுப்பு மறுபடி படியவில்லை. கொழும்பு இடம் வேறொருவருக்குப் போயிற்று. நான் தினமும் “குட் மோர்னிங் மிஸ்” சொன்னேன். அதற்கு மட்டும் தைரியம் இருந்தது.

மிஸ் மாற்றலாகிப் போகும் நாளன்று அந்தத் தகட்டை என் கையில் வைத்தார்.

“வைச்சிருங்கோ. அண்டைக்கு உங்களில பொலிஷ் மணத்தது.”

“தெரிஞ்சும் ஏன் மிஸ் கேட்டனீங்கள்?”

“சொல்லுவியள் எண்டு பாத்தனான்.”

நேற்று என் மனைவி பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கினாள். பொலிஷ் துணியோடு மேசையடிக்கு வந்து தகட்டைத் தூக்கினாள்.

“இது ஊத்தையாக் கிடக்கு. மினுக்கட்டே?”

“வேண்டாம்,” என்றேன்.

“ஏன்?”

பதினைந்து வருடம் கழித்து, அவளிடமாவது சொல்லலாமென்று வாயைத் திறந்தேன்.

“தெரியாது,” என்றேன்.