சிரித்த முகத்தோடு சாவி கொடுப்பது

லாட்ஜ் கவுன்ட்டரில் நிற்கிறவருக்குச் சொந்தமாக முகம் கிடையாது. கவுன்ட்டர் வேலை பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. இரண்டாயிரமாம் வருடத்துக்குப் பிறகு, செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜில் சாதிக்கும் நானும் வேலை பார்த்தோம். எங்கள் முகத்தைப் பற்றிப் புகார் ஜாஸ்தியானதும், முதலாளி எங்களை உணர்ச்சி மேலாண்மைப் பயிற்சிக்கு அனுப்பினார்.

வகுப்பில்

சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் நல்ல மனிதர். "கோபம் வேற, நீங்க வேற. கோபம் வர்றப்போ அதைத் தள்ளி நின்னு பாருங்க" என்றார். எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து தேடுவதை, மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் போலிருந்தது. எல்லாரும் தலையாட்டினோம். சாதிக் மட்டும் எழுந்தான்.

"நான் தள்ளி நின்னு பார்த்துட்டு இருந்தேன்னா, அந்த கஸ்டமரைத் திட்டினது யாரு சார்?"

சேலத்துக்காரர்

அந்த வாரமே சேலத்திலிருந்து ஒருவர் குடும்பத்தோடு வந்தார். முன்பதிவு செய்த அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தோம். அவர் சத்தம் போட்டார். நான் மூச்சை இழுத்து விட்டேன். குரலைத் தணித்தேன். "உங்க வருத்தம் எனக்குப் புரியுதுங்க சார்" என்று சிரித்தேன். ஒவ்வொரு தடவை சொன்னபோதும் அவர் முகம் இன்னும் சிவந்தது. கடைசியில் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"என்னைத் திருப்பித் திட்டுனாக்கூடப் பரவாயில்லைம்மா, அந்தச் சிரிப்பை மட்டும் நிறுத்துங்க."

பௌர்ணமியன்று

சாதிக்கின் அம்மாவை வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கிரிவலத்துக்கு வந்த பௌர்ணமிக் கூட்டம், லீவு கிடையாது. அவன் பேசாமல் சாவிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறான் என்று ஒரு அம்மாள் புகார் சொல்ல, முதலாளி வந்தார். "பயிற்சியில என்னப்பா சொல்லிக் கொடுத்தாங்க?" என்றார்.

இன்றோடு வேலை போச்சு என்று நான் பயந்தேன். சாதிக் நிதானமாகச் சொன்னான்: "என் கவலையைத் தள்ளி நின்னு பார்த்துட்டுதான் இருக்கேன் முதலாளி. நீங்களும் கொஞ்சம் பாருங்க. அம்மா ஐசியூல இருக்காங்க."

முதலாளி அவன் கையிலிருந்த சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, வேலூர் பஸ் ஏறச் சொன்னார். அம்மா பிழைத்துக்கொண்டார். அன்று முதலாளியே கவுன்ட்டரில் நின்றார். சாயங்காலத்துக்குள் வெந்நீர் கேட்ட ஒருவரிடம் கத்திவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அந்த வகுப்புக்கு நான் வந்திருக்கணுமோ?"

மறுவருடமும் பயிற்சி நடந்தது. முதலாளிக்கு அன்று வேறு வேலை இருந்ததால், உணர்ச்சிகளைக் கையாள நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம்.