பழுத்ததைக் கொடுக்காத எட்வேட்

எட்வேட்டிடம் பச்சை மிளகாய் கேட்டால் பை நிறைய அள்ளித் தருவார். பழுத்தது ஒன்று கேட்டுப் பாருங்கள், மனிதருக்கு உடனே காது அடைத்துவிடும். பச்சைக்காயில் விதை முற்றியிருக்காது. பழத்தைக் கொடுத்தால் விதையையும் கொடுத்ததாகிவிடும். மோர்டென்ஸ்ருட்டில் அவருடைய வரிசை வீட்டுக்குப் பின்னால், கண்ணாடிக் கூண்டுக்குள் வளர்கிற அந்தக் கட்டைக் கொச்சி மிளகாய் ஒஸ்லோவில் தன்னிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேர் "எட்வேட்டின்ரை மிளகாய்" என்று கதைத்தால், பஸ் ஓட்டிக் களைத்த முதுகு தானாக நிமிரும். அற்ப ஆசைதான். ஆனால் அவருக்கு அது பெரிசு.

விதை, ஊரில் பேசாலையில் அவருடைய அண்ணனின் வளவிலிருந்து வந்தது. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வளவில் மாடி வீடு எழும்பிவிட்டது. அண்ணனின் பிள்ளைகள், இவருடைய பெறாமக்கள், கடையில் பாக்கெட் விதை வாங்கி நடுகிறார்கள். இங்கேயும் பழைய விதைகள் முளைக்கிற வலுவை இழந்துகொண்டு வந்தன. அதனால் இந்த மார்ச்சில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் ஊன்றிவிட்டார். தப்பியது மூன்று செடி. அவற்றில் பழுத்த ஒன்றைக்கூட வாயில் வைக்காமல், சூடேறிய குளியலறைத் தரையில் பரப்பி, முழுசாகவே காய வைத்து ஒரு சின்னப் பையில் போட்டார். போன கிழமை உறைபனி கண்ணாடிக் கூண்டுக்குள்ளும் இறங்கி, செடிகள் கறுத்துச் சுருண்டன. இனி உலகத்தில் அந்த மிளகாய் இருப்பது அந்தச் சின்னப் பைக்குள் மட்டும்தான்.

பையை எங்கே வைப்பது? மனைவி இமெல்டாவின் கண்ணில் பட்டால் பக்கத்து நகரமான திராமனில் இருக்கிற அவளுடைய தங்கை யோசெப்பினுக்கு இரண்டு போய்விடும் என்று அவருக்குப் பயம். கட்டின பெண்சாதியிடமும் மறைக்கிற விசயமா இது என்று கேட்காதீர்கள், அவர் அப்படித்தான். குசினி அலுமாரியில் இருந்த காய்ந்த செத்தல் மிளகாய் மூட்டைக்குள் கையை விட்டு, அடியில் தள்ளி வைத்தார். மிளகாய்க்குள் மிளகாயை யார் தேடப் போகிறார்கள் என்று தனக்குள் மெச்சியும் கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து கதவைத் திறந்ததும் தும்மல் வந்தது. வீடெல்லாம் மிளகாய் நெடி. புகை அலாரத்துக்குக் குளிக்கிற தொப்பி மாட்டியிருந்தது. கறித்தூளுக்கு வறுக்கிறார்கள். யோசெப்பின் ரயிலேறி உதவிக்கு வந்து, முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

மேசையில் அந்தச் சின்னப் பை வெறுமையாகக் கிடந்தது.

எட்வேட் அதைத் தூக்கிக் காட்டினார். "இதுக்கை கிடந்தது எங்கை?"

"அடியிலை கொஞ்சம் செத்தல் கிடந்தது. அதையும் போட்டன்," என்றாள் இமெல்டா.

அவர் பாய்ந்து அடுப்பை நிறுத்தினார். சட்டிக்குள் கையை விட்டார், சுட்டது, எடுக்கவில்லை. கட்டையானவற்றைத் தேடித் தேடிப் பொறுக்கி ஒன்றை உடைத்தார். விதை கருஞ்சிவப்பாகப் பொரிந்திருந்தது. இன்னொன்று. அதுவும் அப்படித்தான். ஆற வைத்திருந்த தட்டைக் கவிழ்த்துக் கிளறினார். மூட்டையைத் தரையில் கொட்டினார். நீட்டு நீட்டாகக் கடை மிளகாய்தான் விழுந்தது. கடைசியில் அரைக்கிற மெசினின் மூடியைத் திறந்தார். உள்ளே தூள்.

"என்னப்பா, என்ன தேடுறியள்? சொன்னால்தானே தெரியும்."

"விதையடி! அண்ணையின்ரை விதை!"

இமெல்டா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "செத்தலுக்கை கொண்டுபோய் விதையை ஆரும் வைப்பினமோ?"

அதுதான் கேள்வி. அதற்கு நேர்மையான பதில் ஒன்றுதான் இருந்தது, அதை அவர் யோசிக்காமல் கத்திவிட்டார். "உன்ரை தங்கச்சியின்ரை கைக்குப் போகக்கூடாதெண்டுதான் ஒளிச்சனான்!"

தங்கச்சி இரண்டடி தள்ளி நின்றாள். அகப்பையைக் கீழே வைத்தாள். முகத்துத் துணியை அவிழ்த்தாள். நடைக்குப் போய் ஜாக்கெட்டை எடுத்தாள். எட்வேட்டுக்கு நாக்கைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி விழுங்க முடியுமா?

"யோசெப்பின், நில்லு," என்று இமெல்டா குறுக்கே போய் நின்றாள். "இவருக்குச் சொல்லிப்போட்டுப் போ."

"நான் ஏன் சொல்லவேணும்?"

"எனக்காகச் சொல்லு."

யோசெப்பின் ஜாக்கெட்டின் சிப்பை இழுத்தாள், பாதியில் விட்டாள். எட்வேட்டைப் பார்க்காமல் சொன்னாள். "அந்த மிளகாய் எங்கடை வீட்டிலை நிக்குது, அத்தான். அக்கா முந்தி ஒருக்கால் பழம் தந்தவ. வருசா வருசம் யன்னலிலை வைக்கிறனான். வேறை மிளகாய் பக்கத்திலை வைக்கிறேல்லை, கலந்துபோடும் எண்டு."

முதலில் அவருக்கு வந்தது கோபம்தான். கள்ளிகள், இரண்டு பேரும். அடுத்த கணமே கதிரையில் இருந்துவிட்டார். விதை இருக்கிறது.

"நான் ஒருநாளும் காணேல்லையே?"

"நீங்கள் எங்கை வந்தனீங்கள்? நான்தானே கூப்பிடுறேல்லை. என்ரை சின்னவனின்ரை முதல்நன்மைக் கொண்டாட்டத்துக்கு வீட்டை விட்டிட்டு ஏன் ஹோல் வாடகைக்கு எடுத்தனான்? நீங்கள் கண்டால் அக்காவோடை சண்டை பிடிப்பியள் எண்டுதான்."

புது வீடு வாங்கியதும் யோசெப்பினுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது, சொந்தக்காரரை வாசலில் மிதிக்க விடுவதில்லை என்று கோயிலில் பாதிப் பேருக்குச் சொல்லி வைத்தவர் எட்வேட்தான். இமெல்டா மட்டும் தனியே ரயிலேறிப் போய் வருவாள். நான் ஏன் அழையாத வீட்டுக்கு என்று இவர் வீறாப்பாக இருந்துவிட்டார். எத்தனை நத்தார், எத்தனை பிறந்தநாள். வெட்கத்தில் காது சுட்டது.

எழும்பிப் போய் அவள் முன்னால் நின்றார். கேட்காமல் முடியாது.

"பிள்ளை, பழுத்தது ஒண்டு தருவியோ?"

யோசெப்பின் அவரை நிமிர்ந்து பார்த்தாள். தரமாட்டாள் என்றே அவர் நினைத்தார். தராவிட்டாலும் குற்றம் சொல்ல முடியாது.

"நான் கொண்டுவந்து தரமாட்டன்," என்றாள். "நாளைக்குப் பூசை முடியச் சாப்பிட வாங்கோ. வந்து நீங்களே பிடுங்குங்கோ."

எட்வேட் தலையாட்டினார். அவள் போன பிறகு தரையில் குந்தி, சிந்திக் கிடந்த மிளகாயை ஒவ்வொன்றாக மூட்டைக்குள் போட்டார். திராமனில் மச்சாளின் வீடு எந்த வீதியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதை இமெல்டாவிடம் கேட்டார்.