ஆளில்லாத வீட்டுக்கு ஒரு சலாம்

கற்பிட்டியில் அருங்காட்சியகமாக்கிய அந்தப் பழைய வணிகர் வீட்டைப் பார்ப்பது என் நெடுநாள் கனவு. தொண்ணூற்றொன்பதில், பட்டம் பெற்ற கையோடு, உம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

உம்மா செருப்பைக் கழற்றி, வலது காலை உள்ளே வைத்து, வெறும் கூடத்தைப் பார்த்துச் சலாம் சொன்னார். ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்தாலும் சலாம் சொல்வது எங்கள் வழக்கம்.

காவலாளி சிரித்தார். “ஆருக்கு உம்மா சலாம்? ஊட்டுக்காரர் மவுத்தாகி நூறு வருஷம்!”

“ஊடு மவுத்தாகல்லயே, வாப்பா,” என்றார் உம்மா அவரிடம்.

அதற்குப் பிறகு தேக்குக் கட்டிலோ சீனத்துப் பீங்கானோ என் கண்ணில் படவில்லை. அந்தச் சுவர்கள்மேல் பொறாமை பொங்கியது. சுவரைப் பார்த்துப் பொறாமைப்படவா இவ்வளவு படித்தேன் என்றும் தோன்றியது. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் எருக்கலம்பிட்டியிலிருந்து விரட்டப்பட்டு வந்தபின், கரைத்தீவில் உம்மா தன் கையாலேயே மண் குழைத்துக் கட்டிய ஓலைக் குடிசையில்தான் நான் படித்தேன். அதற்கு அவர் ஒருநாளும் சலாம் சொன்னதில்லை.

“எங்கட ஊட்டுக்கு மட்டும் ஏன் உம்மா சொல்றல்ல?”

“அது ஊடில்ல மகள், கேம்ப்.”

மாலையில் திரும்பியபோது குடிசையில் யாருமில்லை. உம்மாவை முன்னே போகவிட்டு, வாசலில் காது கொடுத்து நின்றேன். அவர் குனிந்து உள்ளே போனார்.

“லாம்ப எங்க மகள் வெச்ச?” என்ற குரல்தான் வந்தது.