கடலடித் திருநீறு

ஹல்துமுல்லை மலைத் தோட்டத்துப் பங்களாவில் நான் வீடு கூட்டிக்கொண்டிருந்த காலம். மகனுக்குக் காய்ச்சல் விடவே இல்லை. கூலிகள் குடியிருந்த லயத்தில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பங்களாவுக்கே தூக்கிவந்து ஒரு மூலையில் கிடத்தியிருந்தேன்.

வெள்ளைக்காரத் துரையின் மனைவி, துரைசாணியின் மேசையில் ஒரு சிமிழ் நிறைய வெள்ளைப் பொடி இருந்தது. திருநீறேதான் என்று நினைத்துவிட்டேன். முருகா என்று ஒரு சிட்டிகை எடுத்து மகன் நெற்றியில் பூசி, நாக்கிலும் வைத்தேன்.

துரைசாணி பார்த்துவிட்டார். தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாக வரும்.

"ஐயோ, அது என் தம்பி கப்பல்ல இருந்து அனுப்பின கடலடிச் சேறு! செத்த உயிருங்களோட கூடு!"

முந்தானையால் பிள்ளையின் நாக்கைத் துடைத்தேன்.

"விஷமாங்க தொரசாணி?"

"இல்ல, பயப்படாத. இங்க வந்து பாரு."

பித்தளைக் குழாய் வைத்த பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். உள்ளே கண்ணாடியில் செதுக்கிய பூக்கள்போல வட்டம் வட்டமாகத் தெரிந்தது.

"இந்தக் குட்டி உயிரெல்லாம் கடல் மேல வெளிச்சத்துல வாழ்ந்துச்சு. செத்ததும் மெதுவா அடிக்கு எறங்கிருச்சு. எந்த வகை கெடக்குன்னு பாத்தா, அப்ப மேல தண்ணி எவ்வளவு குளிரா இருந்துச்சுன்னு சொல்லலாம்."

தூத்துக்குடியில் கப்பலேறி வந்தபோது செத்துப்போன என் மூத்த மகளைத் துணியில் சுற்றிக் கடலில்தான் விட்டார்கள்.

"புள்ள எறங்கியிருந்தாலும் சொல்லுமாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

துரைசாணி சிமிழை மூடினார்.

சாயங்காலம் மகனுக்கு வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டது. ஆனால் என் பயம் விடவில்லை. மழை ஓய்ந்த நாளில் பங்களா வாசலில் நின்றால் தெற்கே தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரியும். பார்க்கும்போதெல்லாம் மனம் அடித்துக்கொள்ளும்: அவளை விட்ட அன்று தண்ணீர் ரொம்பக் குளிர்ந்திருக்குமோ?