மூர்க்கன் கடித்த மத்தியானம்

அம்மாவைப் பாம்பு கடித்தபோது அலறியவர் அப்பாதான். அம்மா பின்கதவைப் பிடித்துக்கொண்டு, "இங்க வாங்க, கால்ல பாம்பு கொத்திருச்சு" என்று, அடுப்பில் பால் பொங்கிவிட்டதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்கு மழைக்காலத்தில் வேலியேற்றத்தோடு, அதாவது கடல் பொங்கி ஏறும்போது, காயல் தண்ணீர் வரும். வாசல்படியைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். அன்று திரும்பவில்லை. வெந்நீர் அடுப்புக்கு வைத்திருந்த தேங்காய் மட்டைகள் நனைகின்றனவே என்று அம்மா அவற்றை உள்ளே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குத் தப்பி மட்டைகளுக்குள் ஒதுங்கியிருந்தது பாம்பு.

அப்பாவுக்கு மாநகராட்சியில் சாக்கடை சுத்தம் செய்யும் வேலை. கான்கிரீட் மூடியை ஒற்றை ஆளாகப் புரட்டுகிறவர். அன்று அவருக்குச் சட்டைப் பொத்தான் போடக் கை வரவில்லை. அதற்குள் தெரு கூடிவிட்டது. ஒருவர் கயிறோடு வந்தார், இன்னொருவர் பிளேடோடு. பக்கத்து வீட்டுச் சேச்சி, "மூர்க்கனாணு, ஞான் கண்டு!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நல்லபாம்பை அங்கே மூர்க்கன் என்பார்கள். பெயரைக் கேட்டதும் நான் அழ ஆரம்பித்தேன்.

அம்மா படியில் உட்கார்ந்து காலை அசைக்காமல் நீட்டிக்கொண்டாள். கொலுசையும் மெட்டியையும் என்னைக் கழற்றச் சொன்னாள். தென்காசிப் பக்கம் வயல்வேலைக்குப் போன காலத்தில் அவள் கேட்டுவைத்திருந்த விஷயங்கள் அவை.

"கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம். ஆசுபத்திரிக்குப் போனாப் போதும். என்னை நடக்க விடாதீங்க, தூக்கிக்கோங்க."

அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ரோட்டுக்கு நடந்தார். பின்னால் ஓடிய என்னை யாரோ பிடித்து நிறுத்தினார்கள். "அவ வரட்டும்" என்றாள் அம்மா.

ஆட்டோ கிளம்பியதும், "அந்தக் கடை போர்டுல என்ன எழுதியிருக்கு, படி" என்றாள். அவளுக்கு மலையாளம் நன்றாகப் பேச வரும், படிக்க வராது. இத்தனை நாள் இல்லாத ஆசை இப்போது எதற்கு என்று நினைத்துக்கொண்டே படித்தேன். சாயாக்கடை. தையல்கடை. மருந்துக்கடை. ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள்.

பாலத்தின்மேல் வண்டிகள் நின்றுவிட்டன. ஆட்டோச் சேட்டன் மழையில் இறங்கி ஓடி, முன்னால் நின்ற லாரியின் கதவைத் தட்டினார். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிச்சுக்காதீங்க" என்றாள் அம்மா. "நீங்க பதறினா எனக்கும் மூச்சு பதறுது."

பிறகு மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விட்டாள். மறுபடியும் அப்படியே. பாலத்துக்கு அப்பால் தெரிந்த ஒரு விளம்பரத்தைக் காட்டி, "அந்த மஞ்ச போர்டு ரெண்டும் ஒரே கடையோடதா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுதாம்மா இருக்கு."

அப்பா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். இமைகள் பாதிக் கண்ணுக்கு இறங்கியிருந்தன.

"சரி" என்றாள். நாக்கு குழறியது. "நீ படி."

பாலத்தில் படிக்க என்ன இருக்கிறது? லாரிகளின் முதுகைப் படித்தேன். அதுவும் தீர்ந்தது. "ம்" நின்றுவிடக் கூடாதே என்று இல்லாத கடைகளைத் திறக்க ஆரம்பித்தேன். யானைக்குச் செருப்புக் கடை. மீனுக்குக் குடைக் கடை. "ம்" கேட்கவில்லை. ஆனால் அவள் விரல் என் முழங்காலில் மெல்லத் தட்டியது. ஆட்டோ நகர்ந்தது. ஆசுபத்திரி வாசல் வரைக்கும் நான் கடை திறந்துகொண்டே இருந்தேன், விரலும் தட்டிக்கொண்டே இருந்தது.

அவளுக்கு மூச்சுவிட இயந்திரம் வைத்தார்கள். அப்பா வராந்தாவில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவள் கண் திறந்த அன்று டாக்டர் வெளியே வந்து, "மருந்து கேட்டிருச்சு. அவங்களும் பதறாம, அசையாம வந்தாங்களே, அது பெரிய உதவி" என்றார்.

அப்பா அதைத் தெரு முழுக்கச் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். எங்கள் அம்மாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று, கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

வீடு திரும்பிய பிறகு ஒரு காலையில் குளியலறையில் குழாய் நெடுநேரம் திறந்தே கிடந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் வருவதே கொஞ்ச நேரம்தான். கதவைத் தட்டி, "அம்மா, தண்ணி வீணாப் போகுது!" என்று கத்தினேன். குழாய் நின்றது. சற்றுப் பொறுத்து, சிவந்த கண்களோடு வெளியே வந்தாள்.

"சோப்பு கண்ணுல போயிருச்சு" என்றாள்.

மறுநாளும் சோப்பு கண்ணில் போனது. அந்த வாரம் முழுவதும் போனது. மூர்க்கனையே ஜெயித்தவளுக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டு சோப்பு போடத் தெரியவில்லையே என்று எனக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது.